பச்சைத் துணியா, ஒற்றைப் பொத்தானா? வீடியோ பின்னணியை நீக்க எந்த வழி யாருக்குத் தோது

போன பொங்கலுக்கு முந்திய வாரம், கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீட்டு முன்னறையில் பச்சைத் துணி கட்டிக் குடும்ப வாழ்த்து வீடியோ ஒன்றை எடுத்தேன். நடுவில் பாட்டி, இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள். முன்னால் பானை, பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து, ஓரத்தில் தோகையோடு இரண்டு கரும்பு, கீழே தலைவாழை இலை. பின்னணியில் வயல்வெளி வைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கீயரை, அதாவது ஒரு நிறத்தைக் கண்டு நீக்கும் கருவியை, போட்டதும் துணி மறைந்தது. கூடவே வாழை இலையும் மறைந்தது. மஞ்சள் கொத்தில் கிழங்கு மட்டும் பானையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கரும்பு இரண்டும் தோகை இல்லாமல் மொட்டைக் கழிகளாக நின்றன.

சரி, கைப்பேசி ஆப்பில் ஒரே தட்டில் பின்னணியை நீக்குகிறார்களே, அதைப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஓரளவு சுத்தமாக வந்தார்கள். பானையைக் காணோம். பொங்கல் வாழ்த்தில் பானை இல்லை!

கடைசியில் கீயரையே வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்த பானை, இலை, கரும்பு எல்லாவற்றையும் சுற்றிக் கையால் மாஸ்க் (இந்த இடத்தை நீக்காதே என்று காட்டும் எல்லை) வரைந்து ஒட்டினேன். விடியற்காலை மூன்று மணி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு “அண்ணே, கிரீன் ஸ்கிரீனுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?” என்று யார் கேட்டாலும், “முதலில் யாரை எடுக்கப் போகிறாய், கையில் என்ன வைத்திருப்பார்கள், என்ன உடுத்தியிருப்பார்கள்?” என்று திருப்பிக் கேட்கிறேன்.

நிறத்தைப் பார்ப்பதும் ஆளைப் பார்ப்பதும்

கீயருக்கு மனிதன், பானை, மாடு எதுவும் தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பையும் நீலத்தையும்விடப் பச்சை எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று கணக்குப் போடுகிறது. மிச்சம் அதிகமானால் அந்த இடம் கண்ணாடி போல ஆகிவிடும், மிச்சமே இல்லாவிட்டால் அப்படியே தங்கிவிடும். கம்ப்யூட்டர் எடிட்டிங் வருவதற்கு முன்பே, ஃபிலிம் காலத்து ஹாலிவுட்டில், பெட்ரோ விளாகோஸ் என்ற பொறியாளர் நீலத் திரையை வைத்து உருவாக்கிய நிற வேறுபாட்டு முறையின் வாரிசுதான் இது. ‘பாதி மிச்சம்’ என்ற நிலையும் அந்தக் கணக்கில் உண்டு என்பதுதான் அதன் பெரிய பலம். நெற்றியில் பறக்கும் முடி, மெல்லிய துப்பட்டா, வேகமாக வீசும் கையின் மங்கல் எல்லாம் பாதி ஆள், பாதி திரை. அவற்றைப் பாதியாகவே விட்டுவைக்கிறது.

ஆப்பில் இருக்கும் ஒற்றைப் பொத்தான் வேறு ரகம். மனித உருவம் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்ட ஒரு நிரல், ‘இது ஆள், இது ஆள் இல்லை’ என்று ஊகிக்கிறது. திரையே வேண்டாம், மாமாக் கடையில் உட்கார்ந்து எடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் ஊகம் ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சம் மாறும். அதனால் முடியோரம் தண்ணீர் அலை போல நெளியும். வளையலுக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் சந்து அடைபடும். கையில் தாம்பாளத்தட்டு இருந்தால் சில நொடிகள் இருக்கும், சில நொடிகள் இருக்காது.

சுருக்கமாக, கீயரில் பச்சை அல்லாத எல்லாம் தங்கும். ஒற்றைப் பொத்தானில் ஆள் போலத் தோன்றுவது மட்டும் தங்கும். கீழே வரும் எல்லா மென்பொருளையும் இந்த ஒரு கோட்டின் இரண்டு பக்கங்களில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பச்சையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் இதில் வேலை இருக்கிறது. பெரும்பாலான கேமரா சென்சார்களில் ஒளி வாங்கும் கண்களில் பாதி பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. எச்டி வீடியோவில் பிரகாசத்தைக் கணக்கிடும்போதும் ஏறத்தாழ 72 விழுக்காடு பச்சையிலிருந்து வருகிறது, நீலத்திலிருந்து 7 விழுக்காடுதான். அதனால் பச்சையில் புள்ளி இரைச்சல் குறைவு, விளிம்பு தெளிவு. நீலத்துணி கட்டினால் வெளிச்சத்தைக் கூட்டியே ஆக வேண்டும். பொங்கலுக்கு நீலம் கட்டியிருந்தால் நான் சீக்கிரம் தூங்கியிருப்பேன் என்பதும் உண்மைதான்.

650 சதுர அடியில் திரை கட்டுவது

மென்பொருளுக்குப் போகுமுன் இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலருக்கு முடிவை எடுப்பது இடம்தான். திரைக்கும் ஆளுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மீட்டராவது இருந்தால் நல்லது. நெருங்கினால் துணியின் பச்சை ஆளின் தோளிலும் கன்னத்தோரத்திலும் படியும். அதைத்தான் ஸ்பில் என்கிறார்கள். மூன்று அறை, 650 சதுர அடி ஃபிளாட்டின் முன்னறையில் சோபாவைத் தூக்கி வாசலில் போட்டாலும் கேமராவுக்கு ஒரு மூலை, ஆளுக்கு நடு, திரைக்கு எதிர்ச்சுவர் என்று முடிந்துவிடும். உட்கார்ந்து பேசுபவரை மார்புவரை எடுக்கலாம். நின்றவரை முழு உருவமாக எடுப்பது சிரமம்.

துணி வாங்க ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் போனால் பச்சை கிடைக்கும். ஆனால் கடையில் கட்டாக இருக்கும் துணியின் அகலம் பொதுவாக 45 அல்லது 60 அங்குலம். இரண்டைச் சேர்த்துத் தைத்தால் நடுவில் ஒரு தையல் கோடு விழும், அந்தக் கோட்டின் நிழல் கீயரில் முடி போல எட்டிப்பார்க்கும். பளபளக்கும் பாலியஸ்டர் வேண்டவே வேண்டாம், விளக்கு வெளிச்சம் வெள்ளையாகத் தெறிக்கும். மங்கலான பருத்தியோ, மடக்கித் திறக்கும் சட்டத் திரையோ எடுங்கள். தண்ணீர் தெளித்து, கிளிப் போட்டு இழுத்துக் கட்டினால் சுருக்கம் போகும். சுவருக்கே பச்சை மேட் பெயின்ட் அடிப்பது இதைவிட நல்லது. வாடகை வீட்டில் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு.

விளக்கைத் திரைக்குத் தனி, ஆளுக்குத் தனி என்று வையுங்கள். திரை ஆளைவிட ஒரு படி மங்கலாக, ஆனால் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் விளக்கு மினுக்காது. கை அசைவு அதிகம் என்றால் 1/100 நல்லது, மங்கல் குறையும்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. சாதாரண வீடியோவில் வெளிச்சம் முழு நுணுக்கத்தோடும், நிறம் அதில் கால் பங்கு நுணுக்கத்தோடும்தான் பதிவாகும். 4:2:0 என்று எழுதியிருப்பது அதைத்தான். 1080 அளவில் எடுத்தால் நிறத்துக்குக் கிடைப்பது வெறும் 960 × 540. கீயருக்கு உயிரே நிறம் என்றால் விளிம்பு ஏன் படிக்கட்டு போல வருகிறது என்று புரியும். அதனால் 4கே-யில் எடுத்து 1080-ஆகக் குறைத்து வெளியிடுங்கள். நிறத் தகவல் அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்திவிடும். புது மென்பொருள் வாங்குவதைவிட இந்த இலவச வேலை அதிகம் உதவும்.

கடைசியில் மென்பொருள்

கேப்கட் ஆப்பில் இரண்டு தனித்தனிப் பொத்தான்கள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று தானாக ஆளைப் பிரிப்பது, மற்றொன்று குரோமா கீ என்ற கீயர். பச்சைத் துணி கட்டி எடுத்துவிட்டு முதல் பொத்தானைத் தட்டிவிட்டு, “சரியா வரல அண்ணே” என்று அனுப்புகிறார்கள். துணி கட்டியிருந்தால் குரோமா கீதான். நிறத்தைத் தொட்டுக் காட்டி, அளவைக் கூட்டிக் குறைத்தால் முடிந்தது. கட்டுப்பாடு குறைவு, வேகம் அதிகம். சில வசதிகள் ஒரு மாதம் இலவசமாக இருந்து அடுத்த மாதம் பணம் கேட்கும். பிறந்தநாள் வாழ்த்து, கடை விளம்பரம், பத்து நொடி ரீல் எல்லாவற்றுக்கும் இது போதும். இதற்கு மேல் செலவு செய்யச் சொல்லி உங்களை வற்புறுத்த மாட்டேன்.

என் சொந்தத் தேர்வு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. கீயிங்கில் இலவசத்துக்கும் காசுக்கும் பெரிய இடைவெளி இல்லாத இடம் இதுதான். இதில் த்ரீ-டி கீயர் இருக்கிறது: பச்சைமேல் ஒரு கோடு இழுத்து, ஆள்மேல் படாமல் பார்த்துக்கொண்டு, டீஸ்பில் (ஆள்மேல் படிந்த பச்சையைக் கழுவுவது) என்ற கட்டத்தைத் தட்டினால் சாதாரண வேலைகள் ஐந்து நிமிடத்தில் முடிகின்றன. கடினமானதற்கு ஃபியூஷன் பக்கத்தில் டெல்டா கீயர். அங்கே ‘ஏ’ விசையை அழுத்தினால் படம் கருப்பு வெள்ளையாகும். ஆள் முழு வெள்ளையாக, திரை முழுக் கருப்பாக, முடியோரம் மட்டும் சாம்பலாக இருக்க வேண்டும். நிறப் படத்தைப் பார்த்துக்கொண்டே சரிசெய்யப் போனால் கண் ஏமாந்துவிடும். கருப்பு வெள்ளையில் நெற்றிப்பொட்டில் ஓட்டை விழுந்திருப்பதுகூடத் தெரியும்.

டெல்டா கீயரோடு சேரும் கிளீன் பிளேட் என்ற கருவிதான் என்னை இந்த மென்பொருளில் கட்டிப்போட்டது. வெளிச்சம் சமமில்லாத, சுருக்கம் விழுந்த துணியைப் படித்து, ‘ஆள் இல்லாவிட்டால் திரை இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று ஒரு வெற்றுத் திரையை அது உருவாக்கிக் கொடுக்கும். கீயர் ஒரே ஒரு பச்சையோடு ஒப்பிடாமல் அந்தந்த இடத்துப் பச்சையோடு ஒப்பிடும். முன்னறையில் இரண்டு விளக்கோடு போராடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். ஃபியூஷனில் ஒவ்வொரு கருவியையும் நோடு என்ற கட்டமாக வைத்துக் கோடு போட்டு இணைக்கும் முறை முதல் வாரம் தலை சுற்றும். பழைய லேப்டாப்பாக இருந்தால், கிராஃபிக்ஸ் நினைவகம் போதாமல் படம் நின்று நின்று ஓடும், அதற்கும் தயாராக இருங்கள்.

இதே ரிசால்வில் ஒற்றைப் பொத்தான் ரகமும் உண்டு. மேஜிக் மாஸ்க் என்று பெயர். அது மட்டும் காசு கட்டும் ஸ்டூடியோ பதிப்பில்தான். 295 அமெரிக்க டாலர், ஒருமுறை கட்டினால் போதும். திரை இல்லாமல் எடுத்த வீடியோவே உங்களுக்கு அதிகம் வருகிறது என்றால் அந்தக் காசுக்கு அர்த்தம் இருக்கிறது. ஆளை மட்டுமல்ல, பொருளையும் கோடு இழுத்துக் காட்டிப் பிரிக்கச் சொல்லலாம் என்பதால் பானை தப்பிக்க வாய்ப்புண்டு.

அடோபி பக்கம் இருப்பவர்களுக்கு பிரீமியரில் அல்ட்ரா கீ, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீலைட். கீலைட் நல்ல கீயர், அதில் சந்தேகமில்லை. முடியோரம் எனக்கு அதிலும் அழகாகவே வந்திருக்கிறது. கிளிப் பிளாக், கிளிப் ஒயிட் இரண்டையும் இழுத்துத் தள்ளி முடியையெல்லாம் வெட்டிவிடாமல் இருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மாதா மாதம் கட்ட வேண்டும். வருடத்துக்கு நான்கு வீடியோ எடுப்பவர் கீயிங்குக்காக மட்டும் அடோபி சந்தா எடுப்பது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. ஆபிசிலோ கல்லூரியிலோ ஏற்கெனவே இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மேக் வைத்திருப்பவர்கள் ஃபைனல் கட்டில் கீயரை இழுத்துப் போட்டாலே அது பச்சையைத் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். 2024-இல் வந்த 11-ஆம் பதிப்பில் மேக்னடிக் மாஸ்க் என்று திரையில்லாமல் பிரிக்கும் வசதியும் சேர்ந்தது.

ஓபிஎஸ் தனி இனம். எடிட்டிங்கே கிடையாது, நேரலையில் அப்போதே நீக்குவது. டியூஷன் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குரோமா கீ ஃபில்டரில் சிமிலாரிட்டி 400-இல் தொடங்கும். அங்கிருந்து குறைத்துக்கொண்டே வந்து, திரை எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் ஏற்றினால் போதும். மேசை விளக்கு, ஆள், பின்னால் ஒரு மடக்குத் திரை என்று எதுவும் இடம் மாறாமல் இருப்பதால் ஒருமுறை சரிசெய்தால் வருடம் முழுக்க ஓடும். சூமில் வகுப்பு எடுப்பவர்கள், பின்னணி அமைப்பில் ‘என்னிடம் பச்சைத் திரை உள்ளது’ என்ற கட்டத்தைத் தட்டிவிட்டால் பழைய கம்ப்யூட்டரும் மூச்சுவாங்காது.

உடுப்பும் உடம்பும்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் ஆண்டு விழா வாழ்த்து என்றால் பச்சைத் திரை அருமை. ஆரம்பப் பள்ளிச் சீருடை கருநீலமும் வெள்ளையும், ஒன்றும் கரையாது. இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தொல்லை ஆரம்பம். ஆண்பிள்ளைகளுக்கு ஆலிவ் பச்சைக் காற்சட்டை. பெண்பிள்ளைகளுக்கு டர்க்கோய்ஸ், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் நிற்கும் நிறம். பச்சைத் திரையிலும் நிம்மதி இல்லை, நீலத் திரையிலும் நிம்மதி இல்லை. இடுப்புக்கு மேல் மட்டும் எடுங்கள். முழு உருவம் வேண்டுமென்றால் கீயரை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கும் ரகத்துக்குப் போங்கள். சீருடை அணிந்து நேராக நிற்கும் பிள்ளைகளுக்கு விளிம்பு கெட்டி, அது தடுமாறாது.

பட்டுப்புடவைக்காரர்கள் கிளிப்பச்சையையும் மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்டதையும் தவிர்த்தால் போதும் என்று நினைக்கிறோம். சரிகையை மறந்துவிடுகிறோம். தங்கச் சரிகை, மூக்குத்தி, எண்ணெய் தடவி வாரிய கூந்தல் எல்லாம் சின்னக் கண்ணாடிகள். எதிரிலும் பக்கத்திலும் இருக்கும் பச்சையை அப்படியே காட்டும். மல்லிகைச் சரமோ வெள்ளை, அதில் பச்சை படிந்தால் இரண்டு நாள் வாடிய பூ போலத் தெரியும். டீஸ்பில் அதைச் சரிசெய்யும்தான். ஆனால் பச்சையை அளவுக்கு மீறிக் கழுவினால் முகம் ரோஜா நிறத்துக்கு மாறிவிடும், நம் மாநிறத்துக்கு அது உடனே உறுத்தும். திரையை ஆளின் பின்னால் தேவையான அளவுக்கு மட்டும் விட்டுப் பக்கங்களில் மடித்துவிடுவதே நல்ல மருந்து. குத்துவிளக்கு வைத்தால் அதன்மேல் முகப்பவுடரை லேசாக ஒற்றிவிடுங்கள், பித்தளையில் திரை தெரியாது. இப்படிப்பட்ட மணப்பெண், மல்லிகை, பட்டு வேலைகளுக்குக் கீயர்தான், டெல்டா கீயரோ கீலைட்டோ. ஒற்றைப் பொத்தான் பூச்சரத்தை மெழுகு பொம்மையின் தொப்பி மாதிரி ஆக்கிவிடும்.

பரதநாட்டியத்துக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. முழு உருவம் வேண்டும், பாதம் தெரிய வேண்டும், அதனால் தரையிலும் துணி விரிக்க வேண்டும். தட்டடவு போட்டால் துணி சுருண்டு நகரும், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புதுச் சுருக்கம். பாதத்தின் நிழலைப் பச்சையோடு சேர்த்து நீக்கினால் ஆடுபவர் மிதப்பார். அரங்கில் கருந்திரை முன்னால் ஆடவிட்டு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்துமலையைப் பின்னால் வைக்கச் சொல்பவர்களுக்கு

தைப்பூசம் நெருங்கினால் எனக்கு வரும் வேண்டுகோளில் பாதி இதுதான்: “பின்னால முருகன் சிலையும் படிக்கட்டும் வரணும் தம்பி.” பின்னணியை நீக்குவது எளிது, வைப்பதுதான் பாடு. சிலை 42.7 மீட்டர். அதை எடுத்தவர் கேமராவைத் தாழ்த்தி அண்ணாந்து எடுத்திருப்பார். நீங்கள் முன்னறையில் கேமராவைக் கண் உயரத்தில் வைத்து ஆளை எடுத்திருப்பீர்கள். இரண்டையும் சேர்த்தால் ஆள் சிலைக்கு முன்னால் நிற்பதாகத் தெரியாது, பேனருக்கு முன்னால் நிற்பதாகத்தான் தெரியும். அங்கே உச்சிவெயில் நிழல், இங்கே இரண்டு பக்கமும் சமமான விளக்கு. செய்தே ஆக வேண்டுமென்றால் பின்னணிப் படத்தை முதலில் தேர்ந்தெடுத்து, அதில் கேமரா எவ்வளவு உயரம், வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதன்படி வீட்டில் விளக்கையும் ஸ்டாண்டையும் வையுங்கள். பின்னணியைக் கொஞ்சம் மங்கலாக்கினால் பாதிக் குறை மறையும்.

செந்தூலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் பத்துமலை வாசலிலேயே கொண்டுபோய் விடுகிறது. போன தடவை இதே வேண்டுகோளோடு வந்த ஓர் அக்காவிடம், “காலையில் ஏழரைக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், கேமராவை நான் கொண்டு வருகிறேன்” என்றேன். கூட்டம் சேர்வதற்குள் 272 படிகளும் பின்னால் வர இருபது நிமிடத்தில் எடுத்து முடித்துவிட்டோம். குரங்கு ஒன்று அவருடைய வாழைப்பழப் பையைப் பறித்துக்கொண்டு ஓடியது. அந்தத் துண்டையும் வெட்டாமல் கடைசியில் சேர்த்துக் கொடுத்தேன்.